மாரியில் பின் எஞ்சின் கார்: ஓட்டிப் பழக எது நல்ல வழி?

மைத்துனரின் மகன் கொழும்பில் கைமாறி வந்த போர்ஷே 911 ஒன்றை வாங்கிவிட்டான். 996 என்று சொல்லும் வகை, 2000 ஆம் ஆண்டுக் கார், பின் சில்லுகள் மட்டும் இழுப்பது. கார்த்திகையில் அதைத் திருகோணமலை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறானாம். கார்த்திகை என்றால் இங்கே வாடைக்காற்றும் மழையும் உச்சத்தில் நிற்கும் காலம். "மாமா, மழைக்குள்ள இதை ஓட்டிப் பழக எங்க போறது?" என்று கேட்டான். றோட்டிலேயே மெல்ல மெல்லப் பழகலாம் என்று ஒரு கூட்டாளி சொல்லியிருக்கிறான். இன்னொருவன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறான். இலண்டனில் இருக்கும் சித்தப்பா சில்வர்ஸ்டோனில் உள்ள போர்ஷே பயிற்சி நிலையத்துக்கு வா என்கிறார். நான் சொன்னது கந்தளாய்ப் பக்கத்து நெல் மில் முற்றம். அவன் சிரித்தான்.

சிரித்தவனுக்காக மட்டும் இதை எழுதவில்லை. பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களும் டாடா நனோ ஓட்டுபவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய எஞ்சினும் பின்னால்தான்.

முதலில் எதைப் பழக வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். 911 இன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சில்லுகளில் விழுகிறது. இதில் நன்மையும் உண்டு. ஈர றோட்டில் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது பின் ரயர் சும்மா சுழன்றுகொண்டு நிற்காது. வளைவு முடிந்து வெளியே வரும்போது மற்றப் பின் இழுவைக் கார்கள் வாலை ஆட்டும் இடத்தில் இது நிலத்தைப் பிடித்துக்கொண்டு போகும். பிரேக் அடித்தாலும் எடை எல்லாம் முன்னுக்குப் போய்ச் சேராமல் நாலு சில்லும் வேலை செய்யும்.

வில்லங்கம் வளைவுக்குள் நுழையும்போதுதான். முன்பக்கம் இலேசு. நனைந்த றோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பாமல் நேரே வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும். அந்த நேரம் எவரும் பயந்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். எடுத்ததும் எடை முன்னுக்குச் சாயும், முன் ரயர் திடீரென்று பிடிக்கும், பின் ரயர் பிடி தளரும். பின்னால் இருக்கும் கனமோ தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகும். கார் சுழலும். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈர ஒழுங்கையில் வெட்டித் திருப்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபின் அக்சிலேட்டரை ஒரே அளவில் மெல்ல அழுத்தி வைத்திருக்க வேண்டும். மூக்கு நேரே போகப் பார்த்தால் காலைப் படக்கென்று எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அதையும் மீறி வால் போய்விட்டால், நாம் போகவேண்டிய இடத்தைப் பார்த்தபடி, வால் போகும் பக்கத்துக்கே ஸ்டியரிங்கை உடனே திருப்ப வேண்டும். கார் நேர்ப்படத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் அதே வேகத்தில் மீட்க வேண்டும். மீட்கப் பிந்தினால் வால் மறுபக்கம் இன்னும் கடுமையாக வீசும். கார்கள் கானுக்குள் இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீச்சில்தான்.

வாசிக்க இலேசு, கால் கேட்காது. ஆகவே ஒவ்வொரு வழியிலும் நான் பார்ப்பது இவ்வளவுதான்: அந்தக் கால் பிழைவிட இடம் இருக்கிறதா, விட்ட பிழையை உடம்பு உணருமா, திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாமா?

இந்த வால் வீச்சு ஓட்டுபவரின் கற்பனை அல்ல. கார் செய்தவர்களே அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1963 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டிய 911 இன் முதல் வடிவத்தில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் 2211 மில்லிமீற்றர். முன்பக்கம் இலேசாக இருக்கிறதென்று முன் பம்பரின் இரண்டு மூலைக்குள்ளும் ஆளுக்கு 11 கிலோ வார்ப்பிரும்பு வைத்து அனுப்பிய காலமும் உண்டு. பிறகு 1969 மாதிரிக்குப் பின் சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினார்கள். 1993 இல் வந்த 993 இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். 2018 இல் வெளிவந்த 992 இலோ முன் சில்லுக்கூட்டுக்குள் ஒலியுணரிகள் உண்டு. றோட்டுத் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு, ஈரத்துக்கான ஓட்டமுறைக்கு மாறச் சொல்லி அவை ஓட்டுபவருக்கு அறிவிக்கும். நம் பெடியனின் 2000 ஆம் ஆண்டுக் காரில், பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது. சறுக்கலைப் பிடித்து நிறுத்தும் பி.எஸ்.எம். இல்லை. அந்த வேலை அவனுடைய காலுக்கும் கைக்கும்.

சரி, றோட்டிலேயே பழகுவது. செலவே இல்லாத வழி. எல்லாவற்றிலும் மோசமான வழி என்பது என் முடிவு. புரட்டாதி வரை காய்ந்து கிடந்த றோட்டில் விழும் முதல் மழை, ஒட்டியிருந்த எண்ணெயையும் தூசியையும் கிளப்பி மேலே மிதக்கவிடும். சீனன்குடாப் பக்கம் பவுசர்கள் திரும்பும் இடங்களில் நான் காய்ந்த நாளிலேயே கவனமாகத்தான் போவேன். உப்புவெளியிலிருந்து நிலாவெளி போகும் பாதையில் காற்று மணலைக் கொண்டுவந்து கரையில் படுக்கவைத்திருக்கும். இரவில் மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும். கோட்டைப் பக்கம் மான்கள் நினைத்த நேரத்தில் குறுக்கே வரும். கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் மாலையில் யானை. இவ்வளவுக்கும் நடுவில் காலை எடுத்தால் என்ன நடக்கும் என்று பரீட்சித்துப் பார்க்க முடியாது. பரீட்சிக்காமல் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காத நாட்கள்தான் கூடும். "எனக்கு இந்தக் கார் பழகிட்டுது" என்ற நினைப்பு வளரும். கால் மட்டும் பழைய கால்தான்.

கணக்கைப் பாருங்கள். 60 மீற்றர் ஆரையுள்ள சாதாரண வளைவில், ஈர றோட்டின் உராய்வு 0.5 என்று வைத்தால், பிடி விடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 62 கி.மீ. ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 70 கி.மீ.க்கும் குறைவு. அதே பிழையை 12 மீற்றர் ஆரை வட்டத்தில் செய்தால் பிடி விடுவது 28 கி.மீ.யில். மோதும் சக்தி ஐந்தில் ஒரு பங்கு. பாடம் ஒன்றுதான்.

அந்த 12 மீற்றர் வட்டத்துக்குத்தான் மில் முற்றம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துப் பெரிய மில்களில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் இருக்கும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் வரும். கார்த்திகை, மார்கழியில் வயலில் பயிர் நிற்கும், வானத்தில் வெயில் இருக்காது, தளம் சும்மா கிடக்கும். நடுவில் 12 மீற்றர் வட்டம், சுற்றிவரப் பத்து மீற்றர் வெறுமை என்றால் 45 மீற்றர் சதுரம் போதும். அரை ஏக்கர். மழையில் ஊறிய சீமெந்தில் பச்சைப் பாசி படிந்திருந்தால் இன்னும் நல்லது. அங்கே 20 கி.மீ.யிலேயே கார் வழுக்கத் தொடங்கும்.

தளத்தை முதலில் நடந்து பார்க்க வேண்டும். ஓரத்தில் நெல் வழியாமல் இருக்கக் கணுக்கால் உயரத்துக்குக் கட்டு கட்டியிருப்பார்கள். பக்கவாட்டாக வழுக்கி வரும் கார் அதில் இடித்தால் ரிம் வளையும், மோசமானால் கார் பிரளும். ஆகவேதான் பத்து மீற்றர் வெறுமை. ஆணி, கம்பித் துண்டு, உடைந்த பலகை இருந்தால் பொறுக்கவேண்டும். ஒரு மூலையில் ஈர உமி அப்பியிருந்தால் கூட்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வட்டத்தின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் வழுக்கும். நடுவில் பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, 12 மீற்றர் கயிற்றால் அளந்து நாலு பக்கமும் இன்னும் நாலு வாளி. சுண்ணாம்பால் கோடு போட்டால் மழை கழுவிக்கொண்டு போய்விடும். மில் நாய்களைக் கட்டச் சொல்ல வேண்டும். கடைசியாக, வேடிக்கை பார்க்க வரும் ஆட்களைத் தளத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது இதுதான்.

இரண்டாம் கியரில் வட்டத்தைச் சுற்றத் தொடங்கி, மூக்கு வெளியே தள்ளும் வரைக்கும் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்ட வேண்டும். தள்ளத் தொடங்குவதை ஸ்டியரிங் இலேசாவதிலிருந்து கை கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் ஒருமுறை காலை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும்: மூக்கு உள்ளுக்கு வரும், வட்டம் சுருங்கும். அடுத்த சுற்றில் படக்கென்று எடுத்துப் பார்க்க வேண்டும்: இருக்கை முதலில் நகரும், பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இருபது தரம் உணர்ந்தவன் காலை எடுக்கும் விதமே மாறிவிடும். கைகளுக்கு வேலை வருவது அதன் பிறகுதான். பெடியன்கள் எல்லோரும் கைகளிலிருந்துதான் தொடங்கப் பார்ப்பார்கள்.

இதில் குறைகளும் உண்டு. பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும். வேகமான வளைவின் உணர்வு இங்கே கிடைக்காது. தேங்கிய தண்ணீரில் ரயர் மிதப்பதைப் பழகவும் முடியாது. காப்புறுதியும் ஒரு கேள்வி. போட்டியிலோ வேகச் சோதனையிலோ நேர்ந்த சேதத்தை வழக்கமான காப்புறுதி ஏற்காது. தனியார் முற்றத்தில் பழகுவது எதற்குள் அடங்கும் என்பதை முன்கூட்டி எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

சீனன்குடா ஓடுபாதையைப் பற்றியும் கேட்டான். அது விமானப்படையின் இடம், அந்தக் கதை வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம், உப்பு காரைத் தின்னும்.

இனி, எந்தக் காரில் தொடங்குவது? என்னிடம் 1967 பீட்டில் ஒன்று இருக்கிறது. "உங்கட பீட்டிலில பழகட்டா? இதுவும் அதுவும் ஒரே பரம்பரைதானே" என்றான். பரம்பரை ஒன்றுதான், பின் அச்சு வேறு. அந்தக் கால பீட்டிலின் பின் அச்சு நடுவில் மட்டும் மடங்கும். வளைவில் பின்பக்கம் மேலே எழும்பினால் சில்லு உள்ளுக்கு மடங்கி, ரயரின் ஓரத்தில் நிற்கும். அப்படியே போய்த் தளத்தின் ஓரக்கட்டில் இடித்தால் பிரளும். 911 இல் எந்தக் காலத்திலும் அந்த அச்சு இருந்ததில்லை. ஆகவே பீட்டிலில் படக்கென்று காலை எடுக்கும் பரீட்சை வேண்டாம். மெதுவாக ஓட்டி எடை பின்னால் இருப்பதன் சுபாவத்தை அறிய மட்டும் அது சரி.

என் தெரிவு நனோ. கேட்டதும் அவன் முகம் போன போக்கை எழுத முடியாது. ஆனால் பாருங்கள்: 624 சி.சி. எஞ்சின் பின்னால், இழுப்பதும் பின் சில்லு, எடை 600 கிலோ அளவு. முன் ரயர் 135, பின் ரயர் 155 அகலம். 911 இலும் முன்னுக்கு ஒடுக்கம், பின்னுக்கு அகலம்தான். பழைய 911 களில் இருந்த அதே குடும்பத்துப் பின் சஸ்பென்ஷன்தான் இதிலும். ஆரம்பகால நனோக்களில் பவர் ஸ்டியரிங் இல்லாததால் முன் ரயர் பிடி விடுவதைக் கைக்கு ஒளிக்காமல் சொல்லும். வாடகைக்கு ஓடும் பழைய நனோ ஒன்றை அரை நாளுக்குப் பேசி எடுத்தால் போதும். ரயர் தேய்ந்தாலும் பன்னிரண்டு அங்குல ரயர் வாங்குவது பெரிய காரியமில்லை. ஒரு எச்சரிக்கை: அது உயரமான, ஒடுங்கிய வண்டி. பாசி பிடித்த, நன்றாக வழுக்கும் தளத்தில் மட்டும். காய்ந்த தாரில் இந்த விளையாட்டு கூடாது. சிலர் ஆட்டோவையும் சொல்வார்கள், அதற்கும் எஞ்சின் பின்னால்தானே என்று. மூன்று சில்லில் வழுக்கப் பழகுவது ஆஸ்பத்திரிக்குப் பழகுவது.

சிமுலேட்டரை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் திருப்பி மீட்கும் அந்தக் கைவேகத்தையும், சுவரைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்கும் பழக்கத்தையும் நூறு தரம் செய்து பார்க்கலாம், ரயர் தேயாது. அவ்வளவையும் சிமுலேட்டர் கொடுக்கும். ஆனால் மேலே சொன்னேனே, இருக்கை முதலில் நகரும் என்று, அது வீட்டுக் கதிரையில் நடக்காது. பயமும் வராது. பயம் வராத இடத்தில் பயந்து எடுக்கும் காலைத் திருத்த முடியாது. ஏற்கெனவே கணினி இருக்கிறவர் ஸ்டியரிங் வாங்கிப் பூட்டலாம், புதிதாக எல்லாம் வாங்குவதானால் அந்தக் காசு ரயருக்குப் போகட்டும்.

பண்டாரகமையில் கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டி ஓட்டலாம். கைக்கு நல்லது, சஸ்பென்ஷன் இல்லாததால் எடை சாய்வதைச் சொல்லித்தராது. கட்டுக்குருந்தையில் பந்தயம் நடக்கும், பழக வருபவனுக்கு அது இடமல்ல. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கி.மீ. பந்தயப் பாதை இருக்கிறது. பாதையில் வேகமாகப் போவது வேறு கலை.

சில்வர்ஸ்டோன் விசயம் அப்படி இல்லை. போர்ஷேயின் பயிற்சி நிலையம் அங்கே 2008 முதல் இருக்கிறது. தரையில் பதித்த தகடு ஒன்று உண்டு. கார் அதன்மேல் ஏறும்போது பின் சில்லுகளைப் பக்கவாட்டில் தட்டிவிடும், எந்தப் பக்கம் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. தண்ணீர் ஓடும் வழுவழுப்பான சரிவு ஒன்றும், பிடி குறைந்த பாதை ஒன்றும் உண்டு. பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார், கார் அவர்களுடையது. அரை நாளில் அங்கே படிப்பதை மில் முற்றத்தில் ஒரு மாரி முழுக்கப் படிக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. டொராண்டோப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு, ஸ்காபரோவை ஒட்டிய பிக்கரிங்கில் 2025 இல் இன்னொன்று திறந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கலியாணவீடு, விடுமுறை என்று போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கத்தான் வேண்டும். இதற்கென்று மட்டும் விசாவும் டிக்கெட்டும் எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அங்கே கொடுப்பது புதுக் கார், புது ரயர், எலெக்ட்ரோனிக் உதவி எல்லாம் உள்ளது. திரும்பி வந்து ஏறுவது இருபத்தைந்து வயதுக் கார், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் றப்பர் புஷ் எல்லாம் தளர்ந்தது. அதன் சுபாவத்தை அதிலிருந்துதான் படிக்க முடியும்.

எந்த வழி என்றாலும் முதல் காசு ரயருக்கு. கராஜில் படுத்துக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரின் ரயரில் பூ நிறைய இருக்கும், றப்பர் கல்லாகியிருக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். பத்து வருடமான ரயரில் பூவின் ஆழத்தை அளந்து பயனில்லை. பூ 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாரிக்கு அந்த ரயர் வேண்டாம். அடுத்தது காற்று. 996 இல் முன்னுக்கு 36, பின்னுக்கு 44 பீ.எஸ்.ஐ. நம் ஊரில் காற்றடிக்கப் போனால் கேட்காமலே நாலுக்கும் முப்பத்திரண்டு அடித்துவிடுவார்கள். பின் ரயர் அவ்வளவு தளர்ந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் செய்துவைத்த சமநிலையே போய்விடும், வால் வீச்சு இன்னும் முந்தி வரும். இறங்கி நின்று மீற்றரைப் பார்க்க வேண்டும். தேங்கிய நீரைப் பற்றி ஒரு பழைய கணக்கும் இருக்கிறது, விமான ரயர் ஆய்விலிருந்து வந்தது: 36 பீ.எஸ்.ஐ. காற்றுள்ள ரயர் மணிக்கு 100 கி.மீ. அளவில் நீரின்மேல் முழுதாக மிதக்கும். தேய்ந்த, அகலமான ரயர் அதற்கு வெகுமுன்பே. ஹபரணை றோட்டு நேராக இருக்கிறதே என்று மழையில் மிதிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்கட்டும்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை இதுதான். கொழும்பிலேயே நாலு ரயரும் மாற்றிக்கொண்டு வா, 17 அங்குல ரிம் என்றால் முன்னுக்கு 205, பின்னுக்கு 255. இங்கே வந்து தேடாதே. முதல் வாரம் நனோவில் மில் முற்றம். பிறகு உன் காரில் அதே முற்றம், அதே வாளி. அதன் பிறகு விடியக்காலையில், வாகனம் குறைந்த நேரத்தில், நிலாவெளிப் பக்கம் 50 கி.மீ.யில், பரீட்சை எதுவும் இல்லாமல். வெள்ளம் குறுக்கே பாயும் நாளில் கார் வீட்டில் நிற்கட்டும். மில் முதலாளியிடம் நான் பேசிவிட்டேன். தை கடைசி வரைக்கும் தருகிறேன் என்றார். "மாசியில நெல்லு வந்திரும் தம்பி, பிறகு ஒரு வாளியும் வைக்க ஏலாது."